சிரித்தபடி சொன்ன சேதி

ஜப்பான்காரனிடம் நான் அறை வாங்கியது ஒரே ஒரு முறை. அதுவும் சிரித்ததற்காக.

அவர்கள் மலாக்காவைப் பிடித்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. கடைத்தெருவில் அரிசி கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டு நானும் அக்காவும் காஜா பெராங்கிலிருந்து நடந்து போனோம். ஆற்றுப் பாலத்தின் தொடக்கத்தில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். நான் அவன் கண்ணை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்து, "குட் மார்னிங்" என்றேன். பயப்படாமல் முகம் பார்த்துப் பேசினால் எதிரில் நிற்பவரும் மரியாதையாகப் பேசுவார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் பாலத்தில் நின்றதில்லை. விழுந்த அறையில் ஒரு பக்கத்துக் காது இரண்டு நாள் இரைந்துகொண்டே இருந்தது.

அக்கா அதற்குள் இடுப்பை வளைத்துக் குனிந்திருந்தாள். குனிந்த நிலையிலேயே கையை நீட்டி என் பிடரியைப் பிடித்து அழுத்தினாள்.

"பூட்ஸப் பாருடி. மூஞ்சியப் பாக்காத."

பாலத்தைக் கடந்த பிறகு அவளிடம் கேட்டேன், உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று. முன்னால் போன பத்துப் பேரைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தாளாம். யார் எப்படி நின்றார்கள், யாருக்கு அடி விழுந்தது, யாரை விட்டுவிட்டான் என்று அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டதாம். அவள் பார்த்துக்கொண்டு வந்த நேரத்தில் நான் மனதுக்குள் ஆங்கில வாக்கியம் கோத்துக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் எங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஆறு. வீட்டில் ஒருத்தி அடுப்படியில் நின்றால்தான் இன்னொருத்தி பள்ளிக்கூடம் போக முடியும் என்ற நிலை. நான் போனேன், அவள் நின்றாள். அப்பாவும் போன பிறகு லாரி ஓட்டுநரான அத்தான் அக்காவைக் கட்டிக்கொண்டார், கூடவே என்னையும் சேர்த்துக்கொண்டார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்காச் செட்டிகளின் கம்போங் செட்டியை ஒட்டி, காஜா பெராங்கில் இருந்த பலகை வீட்டில் மூவரும் குடியிருந்தோம். நான் படித்தது அமெரிக்க மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில். அதனால் அத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'துரைசாணி' என்றுதான் கூப்பிடுவார்.

எங்களுக்கு வகுப்பெடுத்த அமெரிக்க மிஸ் ஆறடி உயரம். சிரித்தால் கடைவாய்ப் பல் வரை தெரியும். மேஜை மேல் ஏறி உட்கார்ந்து பாடம் நடத்துவார். சீட்டியடித்துக்கொண்டே சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போவார், எதிரே வரும் மீன்காரரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். மீன்காரர் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் சாரோங்கில் துடைத்துக்கொள்வார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர் செருப்போடு சாமி படம் வரைக்கும் போய்விட்டார். போய் நின்று, "எவ்வளவு அழகு!" என்று இரண்டு கையையும் விரித்தார். அக்காவுக்குக் கோபிப்பதா மகிழ்வதா என்று புரியவில்லை. கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, அதை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொள்வது மிஸ்ஸின் இன்னொரு வழக்கம். "வெளிய போடவேண்டியத மடிச்சு வச்சிக்கிறாங்களே, என்னாத்துக்கு துரைசாணி?" என்று அத்தான் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு அவர்மேல் உயிர். அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேதம். பேசும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், பார்க்காதவர் எதையோ மறைக்கிறார். கேட்ட கேள்விக்கு ஆமாம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்று வர வேண்டும். யார் எது செய்தாலும் வாய் திறந்து நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை நான் வீட்டிலும் நடத்திப் பார்த்தேன். அக்கா சோறு போட்டதும் "தேங்க்யூ" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏண்டி, நான் என்ன வெளியாளா?" என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மிஸ்ஸிடம் நான் படித்த இன்னொன்றும் உண்டு. அதைப் பாடமாக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் சிவந்து, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. நேராக எங்களில் ஒருத்தியிடம் போய் அவளைக் கட்டிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவளுடைய அப்பா போய்விட்டார் என்று. கெட்ட சேதிக்கு ஒரு முகம் உண்டு, நல்ல சேதிக்கு ஒரு முகம் உண்டு, மனிதர்கள் எங்கே பிறந்தாலும் இது ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வாரம் முன்பு மிஸ் கப்பலேறப் புறப்பட்டபோதும் அப்படித்தான், நடுத்தெருவில் நின்று எங்கள் ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அழுதார். எங்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அறை வாங்கிய பிறகு நான் அவர்களுடைய நிப்போன் மொழி வகுப்பில் சேர்ந்தேன். இதைப் பிறகு சிலர் கேலி செய்ததுண்டு. வீட்டில் மரவள்ளிக்கிழங்கு தவிர வேறொன்றும் இல்லாத காலத்தில் வேலைக்குப் போகிறவருக்குக் கொஞ்சம் அரிசி கிடைத்தது. எனக்கு மொழி சட்டென்று பிடிபடும். எட்டு மாதத்தில் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் காரியாலயம் ஒன்றில் என்னை எடுத்துக்கொண்டார்கள். காலையில் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும், அங்கேதான் அவர்களுடைய சக்கரவர்த்தி இருக்கிறாராம். பிறகு வானொலிக்கு ஏற்பக் கை கால்களை ஆட்டி உடற்பயிற்சி. எழுத்து வேலை பார்த்த நடுத்தர வயதுத் தமிழ்க் கிராணிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளுவதைப் பார்க்க வேண்டுமே. சிரித்தால் என்ன ஆகும் என்று எனக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தது.

அந்தக் காரியாலயத்தின் அதிகாரி சிப்பாய் இல்லை. கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். அவர் ஊரில் காகிதக் கடை வைத்திருந்தாராம். நான் அதுவரை கண்டிராத மரியாதை அவருடையது. தேநீர் கொண்டுவந்து வைக்கும் பெண்ணுக்குக்கூடத் தலை தாழ்த்துவார். ஒரு துண்டுக் காகிதமானாலும் இரண்டு கையாலும்தான் கொடுப்பார், இரண்டு கையாலும்தான் வாங்குவார். சிரிக்க நேர்ந்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வார். மூக்குச் சிந்தவே மாட்டார், நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒரு நாள் நான் மிஸ் பழக்கிய மாதிரி கைக்குட்டையில் சிந்தி மடித்து வைத்தபோது, அவர் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர் போலச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதற்கெடுத்தாலும் மன்னிப்பு கேட்பார். கதவைக் கடந்தால் மன்னிப்பு, தேநீர் கொடுத்தால் மன்னிப்பு, என்னிடம் ஒரு கடிதத்தை எழுதச் சொன்னால் அதற்கு முன்னும் பின்னும் மன்னிப்பு. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு காதில் விழுவதே நின்றுவிட்டது. குனிவதும் அப்படித்தான். லேசாகத் தலையை அசைப்பது, கொஞ்சம் வளைவது, நன்றாக வளைவது என்று அதில் ஏதோ தரம் பிரித்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டேன். ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் குனிந்து எனக்குச் சலித்துப் போயிருந்தது.

இல்லை என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பற்களுக்கு இடையே மூச்சை இழுப்பார். தலையைச் சாய்ப்பார். "கொஞ்சம் கடினமாக இருக்கிறது" என்பார். அப்படிச் சொன்னால் அந்த வேலை நடக்காது என்று மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்கர் மனதையும் படித்தாயிற்று, ஜப்பானியர் மனதையும் படித்தாயிற்று, இனி உலகத்தில் எனக்குப் புரியாத மனிதர் கிடையாது என்று நினைத்தேன். அக்காவிடமும் அத்தானிடமும் அவரைப் போல நடித்துக் காட்டுவேன். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அத்தானைச் சயாமுக்குக் கொண்டுபோனது அதற்குப் பிறகு. அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், சாமான் ஏற்ற லாரி ஓட்டுநர்கள் வேண்டும், மூன்றே மாதம் என்றார்கள். வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லை. மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரயில் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். இரும்போடு மனிதர்களும் போனார்கள். புறப்படும்போது அத்தான் என்னிடம், "அக்காவுக்கு நீதான் வாயி துரைசாணி. எதுவா இருந்தாலும் கேட்டுச் சொல்லு" என்றார். அக்கா அவர் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். இரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டாள், திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று.

மூன்று மாதம் முடிந்தது. அதிலிருந்து அக்கா ஒவ்வொரு மாதமும் என் காரியாலயத்துக்கு நடந்து வருவாள். உள்ளே வர மாட்டாள், வாசல் மரத்தடியில் நிற்பாள். நான் அதிகாரியிடம் போய்க் கேட்பேன். அவர் பற்களுக்கு இடையே மூச்சை இழுத்து, கொஞ்சம் கடினமாக இருக்கிறது என்பார். நான் வெளியே வந்து, "இன்னும் சேதி இல்லக்கா" என்பேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். புக்கிட் ரம்பாயில் இருந்த அத்தானின் அண்ணன் வீட்டார் அவளை வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அங்கே கிழங்கு, கீரை, கோழி என்று வயிற்றுக்கு ஏதோ இருந்தது. அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும், பிறகு தானே முடிவு செய்வதாக என்னிடம் மட்டும் சொன்னாள்.

அத்தான் போய் ஒரு வருடம் நெருங்கிய சமயம். அந்த மாதம் அக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் போனதும் எழுந்து நின்றார். மேஜையைச் சுற்றிக்கொண்டு என் எதிரே வந்தார். நன்றாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் புன்னகை இருந்தது, வாயை மறைத்துக்கொள்ளாத புன்னகை. அதை நான் அவரிடம் முதன்முறையாகப் பார்த்தேன்.

"உங்கள் அக்கா இத்தனை மாதம் நடந்து வந்தது பெரும் சிரமம்" என்றார் ஜப்பானிய மொழியில். "இனி அவர் இங்கே வர வேண்டிய தேவை இல்லை. வீட்டிலேயே ஓய்வாக இருக்கட்டும். உங்களுக்கு மிகவும் தொந்தரவு கொடுத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும்."

வெள்ளைக் காகிதத்தில் சுற்றி நூலால் கட்டிய பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். முனையைப் பிரித்துப் பார்த்தேன். சீனி. வெள்ளைச் சீனியைக் கண்ணால் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தமிழர் வீட்டில் ஒருவர் சிரித்த முகத்தோடு சீனி கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடமாவது கேட்க வேண்டுமா?

"வருகிறாரா?" என்று நான் கேட்கவில்லை. ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நான்தான் கேட்கவில்லை. நேரடியாகக் கேட்பது இவர்களிடம் மரியாதை ஆகாது என்று எனக்குத் தெரியுமே, ஜப்பானியர் மனதைப் படித்தவள் அல்லவா? நானும் நன்றாகச் சிரித்து, நன்றாகக் குனிந்து, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் என் சிரிப்பைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். நெஞ்சுரமுள்ள பெண் என்று நினைத்திருப்பார்.

பாயில் கிடந்த அக்காவிடம் சொன்னேன். "இனிமே நீ நடந்து வரவேணாமாம்க்கா. சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. சீனி குடுத்திருக்காரு பாரு."

"வர்றாருன்னு சொன்னாரா?"

"அவங்க அப்பிடி ஒடைச்சிச் சொல்ல மாட்டாங்கக்கா. ஆனா எனக்குப் புரிஞ்சிருச்சு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் சந்தேகமே இல்லை. காய்ச்சலோடு எழுந்து அடுப்பு மூட்டினாள்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவை நாங்கள் பீபிக் என்று கூப்பிடுவோம். கோயிலில் எங்களோடுதான் மாரியம்மனைக் கும்பிடுவார், ஆனால் வீட்டில் பேச்சு மலாய்தான், தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. சேதி கேட்டதும் தேங்காய் ஒன்றையும் வாசனைக்குப் பண்டான் இலையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "டியா பாலெக் கா?" என்று கேட்டார், அவர் திரும்பி வருகிறாரா என்று. நான் தலையாட்டினேன். "பாகுஸ்லா, பாகுஸ்லா" என்று அக்காவின் கன்னத்தைக் கிள்ளினார். மரவள்ளி மாவை உருட்டி, தேங்காய்ப் பால் ஊற்றி, அந்தச் சீனியைப் போட்டுப் பாயசம் காய்ச்சினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கு அரைக் கிண்ணம் போயிற்று. நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன்பும் பின்பும் நான் எதையும் சாப்பிட்டதில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா புக்கிட் ரம்பாய்க்குப் போகவில்லை. "வந்து பாக்கும்போது வீடு பூட்டிக் கிடந்தா என்னா நெனப்பாரு?" என்றாள். நிறுத்தி வைத்த இரண்டு சட்டைகளையும் வாரம் ஒரு முறை துவைத்துக் கஞ்சி போட்டாள். அந்தக் கஞ்சி மரவள்ளி மாவில் காய்ச்சியது, குடித்திருந்தால் ஒரு வேளைப் பசி அடங்கியிருக்கும். அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். நான் புக்கிட் ரம்பாய்க்குப் போகச் சொன்னால், "நீதானே சொன்ன, வந்துருவாருன்னு" என்பாள். அதில் குத்தல் இல்லை, நம்பித்தான் சொன்னாள்.

சண்டையின் கடைசி வருடத்தில் ஒரு நாள் காலை. உடற்பயிற்சி முடிந்து உள்ளே போனதும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அன்று சீக்கிரம் கிளம்பப் போவதாகச் சொன்னார். ஊரில் குண்டு விழுந்து தம்முடைய இரண்டு மகள்களும் போய்விட்டதாக இப்போதுதான் தெரிந்தது என்றார். வேலைக்கு இடைஞ்சல் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொன்னார். வாயை மறைத்துக்கொள்ளாத அதே புன்னகை.

என்ன கல் நெஞ்சு என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் அவர் கையைப் பார்த்தேன். மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. தன் துக்கத்தை என்மேல் இறக்கிவைக்கக் கூடாது என்று அந்த மனிதர் முகத்தால் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் அதுதான் மரியாதை. எனக்கு அந்தச் சீனிப் பொட்டலம் நினைவுக்கு வந்தது.

அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று எழுத நினைத்தேன். புரிந்தது என்பதுதான் உண்மை. வீட்டுக்குப் போனபோது அக்கா சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்பை வைத்து எப்படி முடிவு செய்வது, இந்த மனிதர் வேறு, அந்தச் சேதி வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கும் சொல்லக் கூடாது என்று உத்தரவு இருந்திருக்கும், சயாம் பற்றிய காகிதங்கள் எங்கள் கைக்கு வருவதே இல்லை. ஆனால் அது அவருடைய சமாதானம், என்னுடையது ஆகாது. நான் கோழை, அவ்வளவுதான்.

சண்டை முடிந்தது. அதிகாரியை எங்கோ கொண்டுபோனார்கள், பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சயாம் போனவர்களில் மிஞ்சியவர்கள் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் தலை வாரிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வந்தது பக்கத்து ஊரான கிளேபாங்கைச் சேர்ந்த ஒருவர். அத்தானோடு ஒரே லாரியில் போனவர். கணுக்காலில் துணி சுற்றியிருந்தார், அதிலிருந்து வாடை வந்தது. அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"நாலாம் மாசமே போய்ட்டாருங்க" என்றார். "வாந்தி பேதி. நான்தான் கூட இருந்தேன். பேர் ஊரெல்லாம் எழுதி இங்க மலாக்கா ஆபீசுக்கு அனுப்புனாங்களே, வந்து சேரலியா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு அமெரிக்க மிஸ் திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், ஒரே ஒரு முறை பார்த்த என் அக்காவுக்காக அழுதார். பிறகு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கோபமாகக் கேட்டார். "அந்த மனிதர் ஏன் நேராகச் சொல்லவில்லை? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!" அவர் கேட்டது நியாயம். நானும் அதே கேள்வியைப் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்கும்போதெல்லாம் குற்றம் அந்த ஒல்லி மனிதர் தலையில் போய் உட்கார்ந்தது, எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது.

அக்கா கேட்டது வேறு. கிளேபாங்காரர் போன பிறகு, அன்று பிற்பகல், அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அழவில்லை. என்னை எதிரே வந்து நிற்கச் சொன்னாள்.

"அன்னிக்கு ஆபீசுல அவரு சொன்னது கெடக்கட்டும். எப்பிடி நின்னாரு? எப்பிடிக் குனிஞ்சாரு? இருந்தது இருந்தபடி செஞ்சு காட்டு."

செய்து காட்டினேன். அன்று மேஜையைச் சுற்றி வந்தவர் குதிகால்களைச் சேர்த்தார். கைகள் இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். முதுகு பலகை மாதிரி இருக்க, தலை இடுப்புக்கும் கீழே போகும் வரை குனிந்தார். அப்படியே நின்றார். இவ்வளவு நேரமா என்று அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பொறுமையின்மைகூட வந்தது, அது செய்து காட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஓடிய அன்று வார்த்தையைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன், சீனியைக் காட்டினேன். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குனிந்திருந்த என் தலைக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது.

"பாலத்துப் பக்கம் சிப்பாய்ங்க சின்னப் பொட்டி ஒண்ணைத் தூக்கிட்டுப் போவாங்க. வெள்ளத் துணி சுத்தி, கழுத்துல தொங்க விட்டிருப்பாங்க. செத்தவன் சாம்பலாம். அதுக்கு மட்டுந்தான் அவனுங்க இப்பிடிக் குனிவானுங்க. நான் எத்தன தடவ பாத்திருக்கேன்."

மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ அன்னிக்கே இதச் செஞ்சு காட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் பாப்பா."

திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நான் குனிந்தபடியே நின்றேன். நிமிர்ந்தால் அவள் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.